எலூசிஸ் பானத்தில் எர்காட்: ஆய்வேட்டில் எப்படி எழுதலாம்?

எலூசிஸ், பண்டைய கிரேக்கத்தில் தானியத் தேவி டிமீட்டருக்கு ஆண்டுதோறும் மறைவாகச் சடங்கு நடந்த ஊர்; அங்கே குடித்த பானம் கிகியோன். எர்காட், தானியக் கதிர்களில் வளரும், மயக்கக் காட்சிகளைத் தரக்கூடிய நச்சுப் பூஞ்சை. "எலூசிஸ் சடங்கில் குடித்த கிகியோனில் எர்காட் பூஞ்சை இருந்தது" என்ற உங்கள் வரியை ஆய்வு வழிகாட்டி அடித்து நீக்கியது சரிதான். "இருந்திருக்கலாம் என்று கார்ல் ரக் வாதிட்டார்" என்று மாற்றுங்கள், வரி நிற்கும்.

கிரேக்க இலக்கிய அறிஞரான ரக், காளான் ஆய்வாளர் கார்டன் வாசன், வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் இருவரோடும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட கருதுகோள் இது. இணையச் சுருக்கங்கள் பலவும் இதை முடிந்த உண்மையாகவே சொல்கின்றன. உங்களுக்கும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

மூலத்தைத் திறந்து பாருங்கள். டிமீட்டருக்கான ஹோமரியத் துதியில், 206ஆம் வரியிலிருந்து, தேவி சிவப்பு ஒயினை மறுத்துவிட்டு பார்லி மாவு, தண்ணீர், ஒருவகைப் புதினா கலந்து கேட்கிறாள். அவ்வளவுதான். அப்புறம் இலியட் 11ஆம் காண்டம்: போரிலிருந்து களைத்து வந்தவர்களுக்கு ஹெகமீடி என்ற பணிப்பெண் ஒயினில் ஆட்டுப்பால் சீஸைத் துருவிப் போட்டு, மேலே பார்லி மாவு தூவித் தருகிறாள். அதற்கும் கிகியோன் என்றுதான் பெயர்! ஆக, பெயரை மட்டும் வைத்து போதைப்பொருள் என்று சொல்ல முடியாது.

அதற்காக ரக்கை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். ஸ்பெயினின் மாஸ் காஸ்டெல்லார் அகழாய்வில் ஒரு சிறு கலத்திலும், மனிதப் பல்லில் படிந்த காறையிலும் எர்காட் எச்சம் கிடைத்ததாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அது எலூசிஸ் அல்ல. எர்காட் நஞ்சு வலிப்பையும் கைகால் அழுகலையும் கொண்டுவரும். ஆண்டுதோறும் அத்தனை பேர் அதைக் குடித்து எப்படித் தப்பினார்கள் என்ற கேள்விக்கும் ஆய்வேட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.