ஒரே ஒரு கோப்புக்காக விக்கிமீடியா பொதுவகத்தையே ஓர் அரசு முடக்குவது சரியா?

"சட்டவிரோதமான கோப்பு இருக்கிறது என்றால் தளத்தை முடக்கத்தானே செய்வார்கள்? தேவைப்படுகிறவர்கள் வி.பி.என். போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவகத்தில் பல வருடங்களாகப் படம் ஏற்றிவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சரியில்லை. வி.பி.என். (தடையைத் தாண்ட, வேறோர் இடத்துக் கணினி வழியாகச் சுற்றிப்போகும் இணைப்பு) விஷயம் நீங்கள் நினைக்கும் அளவுக்குச் சுலபமும் இல்லை.

விக்கிப்பீடியா கட்டுரைகளுக்கான படங்களைச் சேமித்துவைக்கும் தளம்தான் பொதுவகம் (Wikimedia Commons). 2004-ல் தொடங்கியது. இன்று 10 கோடிக்கும் மேற்பட்ட படங்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகள் அதில் இருக்கின்றன. எல்லாமே யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்திலோ, காப்புரிமை இல்லாமல் பொதுவெளியிலோ உள்ளவை. இதில் ஏதோ ஒரு கோப்பு ஓர் அரசுக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றை மட்டும் வெளியிலிருந்து மறைக்க வழியே கிடையாது. விக்கிமீடியா தளங்கள் 2015-ல் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க இணைப்புக்கு மாறிவிட்டன. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியும், அங்கே எந்தப் பக்கத்தைத் திறக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆகவே "அந்தப் பக்கத்தை மட்டும் அடை" என்று உத்தரவு வந்தாலும் முழுத் தளமும்தான் அடைபடும். அதே 2015 ஆகஸ்டில் ரஷ்யாவில் இதுதான் நடந்தது. சரஸ் என்ற போதைப்பொருளைப் பற்றிய ஒரு கட்டுரைக்காக ரஷ்ய மொழி விக்கிப்பீடியா முழுவதும் தடைப்பட்டியலில் ஏறியது, பலருக்குத் தளமே திறக்கவில்லை. விரைவிலேயே தடையை விலக்கிக்கொண்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

பொதுவகம் முடங்கினால் பொதுவகத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளுக்கும் படங்கள் ஒரே வழங்கி (சர்வர்) முகவரியிலிருந்துதான் வருகின்றன. அந்த முகவரி தடைப்பட்டால் கட்டுரை திறக்கும், எழுத்து இருக்கும், படம் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். இதயத்தின் அறைகளைக் காட்டும் வரைபடம், பறவையின் குரல், ஒரு நாட்டின் நிலப்படம் எதுவும் வராது. படிக்கிற மாணவர் தன் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். தடை விதித்திருக்கிறார்கள் என்ற தகவலே அவருக்குப் போய்ச் சேராது. எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

தளத்தை நடத்துகிறவர்களுக்கும் பல நேரம் சொல்வதில்லை. பக்கத்து உதாரணம், இணைய ஆவணகம் (Internet Archive). பழைய நூல்கள், ஒலிப்பதிவுகள், மறைந்துபோன வலைப்பக்கங்கள் என்று கோடிக்கணக்கில் சேமித்துவைத்திருக்கும் இலாப நோக்கமற்ற அமைப்பு அது. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கச் சொன்ன 32 தளங்களில் அதுவும் ஒன்று, பயங்கரவாதப் பிரசாரம் என்று காரணம் சொன்னார்கள். அடுத்து 2017 ஆகஸ்டில், திரைப்படங்கள் திருட்டுத்தனமாக வெளியாவதைத் தடுக்கத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆணை வாங்கியபோது, 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகள் கொண்ட பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. முடக்கப்பட்ட பிறகுதான் தங்களுக்கே தெரியவந்தது என்றார்கள் ஆவணகத்தினர். அதற்கு முன் யாரும் அவர்களைத் தொடர்புகொள்ளவில்லை. எதிர்த்தரப்பு யாரென்றே தெரியாத இப்படிப்பட்ட வழக்குகளில் "அசோக் குமார்" என்று ஒரு பெயரைப் போட்டு ஆணை வாங்குவது இந்திய நீதிமன்றங்களில் வழக்கம். இல்லாத ஓர் ஆளை எதிர்த்து வாங்கிய ஆணையில், இருக்கிற நூலகம் ஒன்று அடைபட்டுப்போனது. அரசே நேரடியாக முடக்கும்போது நிலைமை இன்னும் மோசம். தளங்களை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வந்த 2009-ம் ஆண்டு விதிகளில் 16-வது விதி, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணமே தெரியாதவர் எதை எதிர்த்து வாதாடுவார்?

இதைப் பொதுவகத்தின் நீக்கல் முறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கோப்பு இருக்கக் கூடாது என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். பொதுவாக ஏழு நாளாவது விவாதம் திறந்திருக்கும். ஏற்றியவருக்கு அறிவிப்பு போகும். இரு பக்க வாதமும் முடிவும் பல வருடம் கழித்தும் அங்கேயே படிக்கக் கிடைக்கும். புதிய சிற்பங்களின் படம், சுவரொட்டியின் படம் என்று இப்படிப்பட்ட எத்தனையோ விவாதங்களில் நானும் பேசியிருக்கிறேன். என் வாதம் தோற்றதும் உண்டு, ஏன் தோற்றது என்று தெரியும். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைக் காட்டும் படம் போன்றவற்றுக்கு இந்த ஏழு நாள் பொருந்தாது, கண்டவுடனே நீக்குவார்கள். காப்புரிமை உள்ளவர் சட்டப்படி அறிவிப்பு அனுப்பினால் இந்தத் தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அதைப் பரிசீலிக்கிறது. அரசுகளிடமிருந்து வந்த கோரிக்கைகளைப் பற்றி அறிக்கையும் வெளியிடுகிறது. புகார் சொல்ல வாசல் திறந்தே இருக்கிறது என்பதால்தான், "வேறு வழியில்லாமல் முடக்கினோம்" என்று ஓர் அரசு சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

சரி, வி.பி.என். பார்ப்பதற்கு உதவும், உண்மைதான். ஆனால் படம் ஏற்றவோ பக்கத்தைத் திருத்தவோ பெரும்பாலும் விடாது. விஷமிகள் ஒளிந்துகொண்டு வருவதைத் தடுக்க விக்கிமீடியா தளங்களே பல வி.பி.என். முகவரிகளைத் தடுத்துவைத்திருக்கின்றன. ஆக, நாட்டுக்குள் இருக்கும் பங்களிப்பாளர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார். துருக்கி அரசு 2017 ஏப்ரல் 29 அன்று விக்கிப்பீடியாவின் எல்லா மொழிகளையும் முடக்கியது. சிரியப் போரில் அந்த அரசின் பங்கைப் பற்றி எழுதியிருந்த இரண்டு கட்டுரைகள்தான் பிரச்சினை. அவற்றில் தவறு இருந்திருந்தால் ஆதாரத்தோடு திருத்தக்கூடியவர்கள் துருக்கிக்குள் இருந்தார்கள். அவர்களைத்தான் வெளியே நிறுத்திவிட்டார்கள், கட்டுரைகளை உலகம் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தது. இந்தத் தடை கருத்துச் சுதந்திரத்தை மீறுகிறது என்று 2019 டிசம்பர் 26 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2020 ஜனவரி 15 அன்று தளம் திரும்பவும் திறந்தது.

உங்களுக்குப் படங்கள் வரவில்லை என்றால், முதலில் வேறு இணைப்பில் திறந்து பாருங்கள். ஊனி புரோப் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது, ஒரு தளம் உங்கள் இணைப்பில் தடைப்படுகிறதா என்று சோதித்து முடிவைப் பொதுவில் பதிவுசெய்யும். வெளிப்படையாக அறிவிக்காத தடைகளுக்கு இப்படிச் சேர்ந்த பதிவுகள் நல்ல சாட்சி. ஆனால் அந்தச் சோதனையை யார் நடத்தியது என்று கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. ஆபத்தான சூழலில் இருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். வெறுமனே படிக்க, கிவிக்ஸ் மென்பொருளில் விக்கிப்பீடியாவைப் படங்களோடு இறக்கிவைத்துக்கொள்ளலாம், இணையமே தேவைப்படாது. பங்களிப்பவராக இருந்தால், தடை வருவதற்கு முன்பே நிர்வாகிகளிடம் ஐ.பி. தடை விலக்கு (தடுத்துவைத்த வி.பி.என். முகவரியிலிருந்தும் திருத்த விடும் அனுமதி) பற்றிக் கேட்டுவையுங்கள். அப்புறம், ஏற்றிய படங்களின் மூலக்கோப்புகளை உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடாதீர்கள்.