அமெரிக்காவுல போதைக்கு அடிமையானவங்க கேஸுக்குன்னே இருக்கற ட்ரக் கோர்ட் (drug court) பத்தி கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கே: நம்ம ஊர்ல போதைப்பொருள் சட்டத்துக்குன்னு இருக்கற என்டிபிஎஸ் கோர்ட் மாதிரிதானா அண்ணா இதுவும்?

இல்லப்பா. அது கேஸை விசாரிச்சு தண்டனை குடுக்கற ஸ்பெஷல் கோர்ட். இது 1989ல அமெரிக்காவுல, மயாமியில ஆரம்பிச்சது, அப்போ கொக்கைன் கேஸா வந்து ஜெயிலே நிரம்பி வழிஞ்சுது, அதே ஆளுங்கதான் திரும்பத் திரும்ப உள்ள வராங்க, சரி ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பி அதை ஜட்ஜே பின்னாடி நின்னு பாக்கட்டும்னு கொண்டு வந்தாங்க.

கே: ட்ரீட்மென்ட் நடுவுல ஒரு தடவை போதை போட்டுட்டா? நேரா ஜெயிலுக்கு உள்ளதானா?

ஆரம்பத்துல அப்படி இல்ல. அடிமையானவன் முதல் மாசமே நிறுத்திடுவான்னு யாரும் எதிர்பாக்கறதில்ல, யூரின் டெஸ்ட்ல போதை இருக்குன்னு பாசிட்டிவ் வந்தா ட்ரீட்மென்ட்டை மாத்துவாங்க, கூட்டுவாங்க. ஆனா டெஸ்டுக்கே வரலை, பொய் சொன்னான், சாம்பிள்ல தில்லுமுல்லு பண்ணான்னா விட மாட்டாங்க. நிறைய இடத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் குடுத்திருப்பாங்க, தினம் காலைல ஒரு நம்பருக்கு போன் போட்டு கேக்கணும், உங்க கலரை சொன்னா அன்னிக்கே போய் யூரின் குடுக்கணும், அதுவும் ஸ்டாஃப் ஒருத்தர் பாத்துட்டே நிப்பாரு. தண்ணியா குடிச்சுட்டு போய் ஏமாத்தலாம்னா யூரின்ல எப்பவும் இருக்கற கிரியேட்டினின்ங்கற கழிவு கொறஞ்சு காட்டிக் குடுத்துடும்.

கே: ஹெராயின் மாதிரி போதையை விட டாக்டர் குடுக்கற பியூப்ரெனார்பின் மாத்திரை எடுக்கறதும் போதைதானேன்னு எங்க மாமா சொல்றாரு.

மாமா மட்டுமா, அங்க நிறைய ஜட்ஜுங்களே அப்படித்தான் நினைச்சு மாத்திரையை நிறுத்தினாதான் பாஸ்னு சொல்லிட்டு இருந்தாங்க. என்னைக் கேட்டா ஜட்ஜுக்கு அதுல வேலையே இல்ல, இன்சுலினை நிறுத்துன்னு சொல்வாரா? 2015லேர்ந்து ஃபெடரல் கிராண்ட், அதாவது அமெரிக்க மத்திய அரசு நிதி வாங்கற ட்ரக் கோர்ட்டுங்க அப்படி தடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் வந்துடுச்சு.

கே: யார் வேணா சேரலாமா?

முடியாது. அடிதடி, ஆயுத கேஸ்னா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. எப்பவாவது கஞ்சா இழுக்கற பையனுக்கும் இது தேவையில்ல, முத்திப்போன ஆளுங்களோட உக்கார வெச்சா இன்னும் கெட்டுத்தான் போவான்.

கே: சேர்ந்தா கேஸ் போயிடுமா சார்?

அது எந்த கோர்ட்ங்கறதைப் பொறுத்துதாங்க. சில இடத்துல முடிச்சா கேஸே தள்ளுபடி. சில இடத்துல முதல்லயே குத்தத்தை ஒத்துக்கிட்டு உள்ள வரணும், முடிச்சா தண்டனை கொறையும், ஆனா ட்ரீட்மென்ட் ஒரு வருஷத்துக்கு மேல ஓடினப்புறம் பாதியில வெளிய தள்ளிட்டா பழைய தண்டனை அப்படியே நிக்கும், சின்ன கேஸா இருந்தா பேசாம அப்பவே ஜெயிலுக்கு போயிருந்தா சீக்கிரம் வெளிய வந்திருப்பான்ங்கற கதையும் நடக்குது. அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே, பாதியில நின்னா எவ்ளோ நாள் உள்ள இருக்கணும்னு வக்கீல்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க.