யூனியன் கார்பைடுக்கு வாதாடியவரின் சுயசரிதையைப் படிக்கலாமா?

கேள்வி: ஃபாலி நாரிமனின் 'பிஃபோர் மெமரி ஃபேட்ஸ்' படித்தவர்கள் கருத்து என்ன? போபால் வழக்கில் கம்பெனி பக்கம் நின்றவர் தொழில் நேர்மை பற்றி எழுதினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

தாராளமாகப் படிக்கலாம். கேள்வியின் சூட்டைப் பார்த்தால் நீங்கள் சட்டக் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். அந்த வயதில் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். இப்போது எனக்கு 51 வயது. தென் மாவட்டம் ஒன்றில் வக்கீலாக இருக்கிறேன். அதில் 11 வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பேனல் வக்கீல், அதாவது அவர்கள் வழக்குகளை நடத்தும் வக்கீல் பட்டியலில் ஒருவன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

முதலில் புத்தகம். 2010இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் பெரிய வக்கீலான நாரிமன் 1929இல் ரங்கூனில் பிறந்தவர். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது குடும்பத்தோடு காடு மலை தாண்டி நடந்து இந்தியாவுக்கு வந்த சிறுவன். நம் ஊரில் செட்டிநாட்டுப் பக்கம், ராமநாதபுரம் பக்கம் பல வீடுகளில் இதே நடையைப் பற்றிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. 1975இல் நெருக்கடி நிலை அறிவித்த கையோடு மத்திய அரசுக்காக வாதாடும் அடிஷனல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை விட்டு விலகினார். குஜராத்தில் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டபோது, நர்மதை அணை வழக்கில் அந்த மாநில அரசுக்காக வைத்திருந்த வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். இதெல்லாம் சும்மா பேச்சு இல்லை. வருமானத்தை விட்டுக்கொடுத்துச் செய்தவை.

இணையத்தில் வாசகர்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு கட்சிதான். ஒரு கட்சிக்கு அவர் பீஷ்மர். இன்னொரு கட்சிக்கு போபால் என்ற ஒரு சொல் போதும், புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். (மூன்றாவதாக ஒருவர் அட்டை மடங்கி வந்தது என்று ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அவரை விட்டுவிடுவோம்.) தமிழர்களில் சிலருக்குக் கூடுதல் கோபம் உண்டு, காவிரியில் பல வருடம் கர்நாடகத்துக்காக வாதாடியவர் என்று. நியாயமான கோபம்தான். ஆனால் 2016இல் தண்ணீர் திறக்கும் உத்தரவைக் கர்நாடகம் மதிக்காதபோது, இனி இவர்களுக்காக வாதாட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னவரும் அவர்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஜெயலலிதாவுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இவை புத்தகத்துக்குப் பிந்தையவை, அதனால் அதில் தேடாதீர்கள்.

இப்போது போபால். 1984 டிசம்பர் 2 இரவு அங்கே யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. இந்திய அரசு கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது 47 கோடி டாலருக்கு. கம்பெனி தரப்பில் நின்றவர் நாரிமன். புத்தகத்தில் அவர் இதை மறைக்கவில்லை. தன்னை விமர்சித்த சட்ட அறிஞர் உபேந்திர பாக்ஸியோடு நடந்த வாதத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார். பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அந்த வயதில் பெரிய வழக்கு என்ற ஆசை இருந்தது, அது வழக்கு இல்லை, பெருந்துயரம் என்று பின்னால்தான் புரிந்தது என்கிற மாதிரிச் சொன்னார். அந்த வயது என்றால் 55க்கு மேல். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன்.

2013இல் ஒரு எம்.சி.ஓ.பி. வழக்கு, அதாவது வாகன விபத்துக்கு நஷ்டஈடு கேட்கும் மனு. கொத்தனார் ஒருவர், 38 வயது, பைபாஸில் லாரி மோதி இறந்துபோனார். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. மாதம் 12,000 சம்பாதித்தார் என்று மனு. ஆதாரமாக அவர் மனைவி கொண்டுவந்தது ஒரு மாதக் காலண்டர், மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுப்பது. வேலைக்குப் போன நாளில் கட்டத்துக்குள் கூலியைக் கொத்தனாரே பேனாவில் எழுதியிருந்தார். போகாத நாளில் ஒரு சுழி. எங்கள் ஆட்சேபணையோடு அது மனுதாரர் தரப்பு ஆவணம் பி-7 என்று குறியீடு ஆனது.

குறுக்கு விசாரணையில் அந்த மனைவியிடம் நான் கேட்டது மூன்றே கேள்வி. இதில் மேஸ்திரி கையெழுத்தோ காண்ட்ராக்டர் கையெழுத்தோ இருக்கிறதா? இல்லை. மழைக்காலத்தில் வேலை இருக்காதுதானே? இருக்காது. இந்த வழக்குக்காக நீங்களே பின்னால் எழுதிக்கொண்டதுதானே இது? அதற்கு அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுதத் தெரியாது சார்" என்றார்.

அந்தப் பதில் என் பக்கம் அடித்த அடி என்று அப்போது நினைத்தேன். இல்லை. தீர்ப்பில் கையெழுத்து இல்லாத காலண்டரை ஏற்க முடியாது என்று வருமானத்தை 6,000 ஆக வைத்தார்கள். கணக்கு தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். 38 வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 15. சார்ந்திருப்பவர் நான்கு பேர், அதனால் இறந்தவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிவு. மாதம் 6,000 குறைந்தால் மொத்தத்தில் 8,10,000 ரூபாய் குறையும். என் மூன்று கேள்வியின் விலை அது. எனக்குக் கம்பெனி கொடுத்த ஃபீஸ் 4,000கூட இல்லை, அதுவும் எட்டு மாதம் கழித்து.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் கொத்தனாரின் மனைவி என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று கிளாஸைக் கீழே வைத்தேன். "சார், அந்தக் காலண்டரைத் திருப்பித் தருவாங்களா? அவர் கையெழுத்துன்னு வீட்ல வேற எதுவும் இல்ல" என்றார். எதிர்த் தரப்பு ஆளிடம் வழக்கு பற்றி அவர் வக்கீல் இல்லாமல் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. "உங்க வக்கீலைக் கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். அப்பீல் காலம் முடிந்ததும் ஆவணத்தைத் திரும்பக் கேட்டு அரைப்பக்க மனு போட்டால் போதும். அவர் வக்கீலிடம் நானே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் எனக்கு எதிர் வீடு. சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

"வக்கீல் என்றாலே இப்படித்தான்" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வக்கீல் வேண்டும். பொய்யாக ஜோடித்த விபத்து வழக்குகளை நானே உடைத்திருக்கிறேன், அதற்காக வெட்கப்படவில்லை. கேட்ட மூன்று கேள்வியும் சட்டப்படி சரி. எந்த ஜூனியருக்கும் அவற்றைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

ஜூனியர் என்றதும் ஞாபகம் வருகிறது. நாரிமன் பம்பாயின் பெரிய வக்கீல் ஜம்ஷெட்ஜி காங்காவின் சேம்பரில் வளர்ந்த கதையைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. என் சீனியர் சனிக்கிழமைகளில் 100 ரூபாய் கொடுப்பார், அதுவும் கேட்டால். அவர் வீட்டு கேஸ் சிலிண்டரை பதிவு செய்ததும் நான்தான், மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றதும் நான்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்றது. எங்கள் பாரில் அதைப் படித்துவிட்டு சிரித்தவர்கள் எல்லாம் சீனியர்கள். பேனலில் சேர்கிற கட்டாயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இதையும் சொல்லியாக வேண்டும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் புத்தகத்தில் எனக்குள்ள ஒரே குறை இது. 1993இல் நீதிபதிகளை நீதிபதிகளே தேர்வு செய்ய வழிவிட்ட வழக்கில் ஜெயித்தவர் அவர். ஜெயித்தேன், தோற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அதற்குத் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அத்தனை லேசாக, மனம் திறந்து வருகிறது. போபாலுக்கு வரும்போது மட்டும் நடை மாறி, கவுன் மாட்டிக்கொண்டு வாதாடத் தொடங்கிவிடுகிறார். இதை நேர்மைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தப்பான சட்டத்துக்காக வருத்தப்படுவது சுலபம், எதிரில் ஆள் இருக்காது. எனக்கும் இதை எழுத இத்தனை வருடம் ஆனது, அதுவும் பெயர் போடாமல்.

முதலில் அந்த இரண்டு அத்தியாயத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். என் பிரதியைக் கொடுத்திருப்பேன். ஜூனியர் ஒருவர் இரண்டு வருடம் முன்பு வாங்கிப் போனார், இன்னும் வரவில்லை. நான் கொடுத்த சம்பளத்துக்கு அதைக் கழித்துக்கொண்டாரோ என்னவோ.