சர்க்கரைப் புண்ணுக்கு மனுக்கா தேன் தடவலாமா?

பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை, உள்ளங்காலில் புண் மூன்று வாரமாக ஆறவில்லை, ஆன்லைனில் மனுக்கா தேன் வாங்கிச் சாப்பிடவும் தடவவும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, இரண்டும் வேண்டாம்.

மனுக்கா என்பது நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் புதர்ச்செடி. அதன் தேனில் மெத்தில்கிளையாக்ஸால் என்ற வேதிப்பொருள் அதிகம். டப்பாவில் எம்ஜிஓ என்று போடும் எண் அதன் அளவுதான். அது கிருமியை அடக்குவது உண்மை. ஆனால் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைப்பது காமா கதிரால் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். சாப்பிடும் டப்பாத் தேன் அப்படியில்லை. சர்க்கரைப் புண்ணை ஆற்றும் என்பதற்கு மருத்துவத் தேனுக்கே உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை.

மனுக்கா சர்க்கரையை ஏற்றாது என்பது சுத்தக் கட்டுக்கதை. நம்ம சித்தேரி மலைத் தேனானாலும் சரி, மனுக்காவானாலும் சரி, ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருக்கும்.

அப்பா வலியே இல்லை என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. நரம்பு மரத்துப்போனால் வலி தெரியாது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், ஓரம் தடித்துக் கால் ஆணி போல ஆகியிருக்கும், அடியில் சீழ் கோத்துக்கொண்டே போகும். நாளைக் காலையிலேயே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கால் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். காய்ச்சலோ நாற்றமோ கருப்போ தெரிந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இரவே கிளம்பிவிடுங்கள்.