14,000 பவுண்டு இழுக்கும் என்றால் போதுமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். முழுச் சுமையுடன் 12,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மாட்டி இழுக்கும் டிரெய்லர்) வாங்க ஆசை. எங்கள் பிக்கப் 14,000 இழுக்குமாம். வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள மஞ்சள் ஸ்டிக்கரில் பேலோட் (பிக்கப் தன் மேல் சுமக்கக்கூடிய எடை) அளவைப் பாருங்கள். டிரெய்லர் எடையில் சுமார் 20 சதவீதம், அதாவது 2,400 பவுண்டு, கிங்பின் (டிரெய்லரின் முன்பக்க இணைப்பு முளை) வழியாக பிக்கப்பின் மேல் இறங்கும். கிங்பினைக் கவ்வப் பின்தொட்டியில் பொருத்தும் ஹிட்ச் 200, பிக்கப்பில் ஏறும் நால்வர் 600 சேர்த்தால் 3,200 பவுண்டு. ஸ்டிக்கரில் இதைவிடக் குறைவு என்றால் இந்த டிரெய்லர் வேண்டவே வேண்டாம். விற்பவர் காட்டும் காலி எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தண்ணீரும் சாமானும் ஏறினால் எல்லாம் மாறிவிடும்.

பின்தொட்டி குட்டையா? திருப்பத்தில் டிரெய்லர் மூலை கேபின் கண்ணாடியில் இடிக்கலாம். பின்னுக்கு நகரக்கூடிய ஸ்லைடர் ஹிட்ச் போடுங்கள்.

மாட்டியதும் ஹிட்ச்சின் தாடை கிங்பினை முழுக்கக் கவ்வியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்கும் முன், பிக்கப்பினுள் உள்ள பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்தபடி மெதுவாக முன்னே இழுங்கள். கவ்வாமல் கிளம்பினால் டிரெய்லர் நழுவித் தொட்டியின் பக்கச்சுவர் மேல் விழும்.