"ஸ்மார்ட்போன் ஷிப்மெண்ட் கூடிடுச்சு"ன்னு நியூஸ் வந்தா, அத்தனை போனும் வித்துப்போச்சுன்னு அர்த்தமா?

இல்லைங்க. ஷிப்மெண்ட்னா கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கடைக்கும் அனுப்பி வச்ச எண்ணிக்கை, நாம காசு குடுத்து வாங்கினது தனிக் கணக்கு. மாவு பாக்கெட் போடுறவர் காலைல மளிகைக் கடைல 50 பாக்கெட் இறக்கிட்டுப் போறாரு, சாயங்காலம் ஃபிரிட்ஜ்ல 20 மிச்சம் இருந்தாலும் அவர் நோட்டுல 50ன்னுதான இருக்கும், அதே மாதிரிதான் இதுவும்.

அப்புறம் ஏன் இந்தக் கணக்கையே சொல்றாங்கன்னா, கம்பெனி அனுப்புறத எண்ணுறது சுலபம், ஊர்ல உள்ள ஒவ்வொரு கடை பில்லையும் எண்ணுறது ரொம்பக் கஷ்டம், அதான் ஐடிசி மாதிரி சந்தை ஆய்வு நிறுவனங்கள் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஷிப்மெண்ட் கணக்கு போடுறாங்க. ஆப்பிள் 2018 நவம்பர்லயே எத்தனை ஐபோன் வித்துச்சுன்னு இனிமே சொல்ல மாட்டோம்னுட்டாங்க, அதனால இப்ப வர்ற ஐபோன் நம்பரெல்லாம் வெளியாள் போடுற மதிப்பீடு.

கடைக்கு அனுப்பினதுக்கும் ஜனங்க வாங்கினதுக்கும் இடைவெளி பெருசானா அடி பலமா விழும். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி டேப்லெட் தேங்கிப் போயி 2013 ஜூலைல சுமார் 90 கோடி டாலர் நஷ்டம் எழுதினாங்க.

நம்ம ஊர்ல தீபாவளிக்காக ஜூலை-செப்டம்பர்லயே கடைகள் ஸ்டாக் ஏத்திடுவாங்க, அதனால போன காலாண்டோட ஒப்பிடாதீங்க, போன வருஷம் இதே காலாண்டோட ஒப்பிட்டுப் பாருங்க, என்னைக் கேட்டா அதுதான் நியாயமான கணக்கு.

ஷிப்மெண்ட் குறைஞ்சா ஜனங்க போன் வாங்குறதையே நிறுத்திட்டாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பல நேரம் கடைக்காரங்க பழைய ஸ்டாக்கத்தான் முதல்ல வித்துட்டு இருப்பாங்க.