மான்களிடமிருந்து கொய்யாவைக் காக்க வேலியில் கரண்ட் விடலாமா?

கேள்வி: காப்புக்காட்டை ஒட்டி எனக்கு இரண்டு ஏக்கர் பட்டா நிலம் உள்ளது. கொய்யாவும் சப்போட்டாவும் வைத்திருக்கிறேன். ராத்திரியில் புள்ளிமான்கள் கூட்டமாக வந்து கொழுந்தைக் கடித்துவிடுகின்றன. ஆண் மான்கள் கொம்பால் உரசி மரப்பட்டையையே உரித்துவிடுகின்றன. பம்ப்செட் லைனிலிருந்து கம்பியில் கரண்ட் விடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். காட்டுப்பன்றியைச் சுட அரசே அனுமதித்துவிட்டதாமே, மானுக்கும் கிடைக்குமா? நஷ்ட ஈடு கேட்கலாமா?

- ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: கரண்ட் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள் ஐயா. பம்ப்செட்டுக்கென்று தந்த மின்சாரத்தை வேலிக்குத் திருப்பினால், மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-ன்படி அது மின்திருட்டு. மூன்றாண்டு வரை சிறை உண்டு. அந்தக் கம்பியில் மான் செத்தால் வன உயிரின வழக்கு தனி. மனிதர் செத்தால் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இருட்டில் மடை மாற்றப் போகும் உங்கள் வீட்டு ஆளே அதை மிதிக்கலாம். இரண்டு ஏக்கர் கொய்யாவுக்காக ஒரு குடும்பம் இப்படிச் சீரழிவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சுருக்கு, கண்ணி, அவுட்டுக்காய் (வெடிமருந்து வைத்த இரை), விஷம் எதுவும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல், 2022 திருத்தத்துக்குப் பின் புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மட்டுமல்ல, பொறி வைத்தாலும், நாயை ஏவி விரட்டினாலும், அதற்கு முயன்றாலும் வேட்டைதான். தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'என் பட்டா நிலத்துக்குள் வந்தது' என்ற வாதம் எடுபடாது. உயிரைக் காத்துக்கொள்ள நேர்ந்தால் சட்டம் விலக்கு தருகிறது. பயிரைக் காக்கத் தருவதில்லை.

பன்றி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் சரி. 2025-ல் வந்த ஆணை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கானது. விவசாயி கையில் துப்பாக்கி தரவில்லை, மானுக்கும் அது பொருந்தாது. பயிருக்கு ஆபத்தான விலங்கை வேட்டையாட எழுத்துமூலம் அனுமதிக்க, தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் பிரிவு 11 அதிகாரம் தருவது உண்மை. ஆனால் மான் விஷயத்தில் அதை நம்பி ஒரு பருவத்தைக் கழிக்காதீர்கள்.

வேலிதான் உங்கள் வழி. முதலில் சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். வன எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு வேலிக்கால் நட்டாலும் ஆக்கிரமிப்பு வழக்கு உங்கள் மேல் திரும்பும். எட்டடி உயரத்துக்குக் கம்பிவலை போட்டால் மான் தாண்டுவது அரிது. அடியில் இடைவெளி விடாதீர்கள், நுழைந்துவிடும். அவ்வளவு செலவு தாங்காதென்றால், கன்றுகளுக்கு மட்டுமாவது தனித்தனியே ஆளுயரக் கம்பிவலைக் கூண்டு போடுங்கள். கொழுந்தும் பட்டையும் தப்பும். சோலார் வேலி (உயிரைக் கொல்லாத சிறு மின் அதிர்ச்சி தந்து விரட்டுவது) என்றால், தமிழ்நாட்டில் 2023 முதல் அதற்குத் தனி விதிகள் உள்ளன. காட்டை ஒட்டிய நிலம் என்பதால் வனத்துறை அனுமதியும் பதிவும் பெற்ற பிறகே போடுங்கள். கடைக்காரர் 'ஒன்றும் வேண்டாம்' என்பார், நம்ப வேண்டாம்.

நஷ்ட ஈட்டுக்கு வனச்சரகரிடம் மனு கொடுங்கள். மாவட்ட வன அலுவலருக்கும் ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். பட்டா, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), தேதியுடன் படங்கள் இருக்க வேண்டும். இதில் அடங்கல்தான் பலருக்குக் காலை வாருகிறது. நிலத்தில் கொய்யா நிற்கும், அடங்கலில் தரிசு என்றோ மானாவாரி என்றோ இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அதை இப்போதே சரிபாருங்கள். கடித்த கிளைகளை வெட்டிச் சுத்தம் செய்வதற்கு முன் வனத்துறையினர் பார்வையிடட்டும். தோட்டக்கலை அலுவலரிடம் சேத மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கட்டாயம். பதில் வராவிட்டால் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுப்பலாம். அங்கும் நகராவிட்டால், மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அதற்கு அந்த ஒப்புகைச் சீட்டுதான் ஆதாரம்.

தோட்டத்தில் மான் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், புதைக்காதீர்கள். அது அரசின் சொத்து; உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.